கயாக்கில் ஃபிஷ்ஃபைண்டர்: டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது, ஓட்டை போடாமல் முடியுமா?

கெளுத்திமீசை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 12 அடி நீளமுள்ள, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக். வழக்கமான பாலிஎத்திலீன் உடல். அதில் மாட்ட 5 அங்குலத் திரை உள்ள ஃபிஷ்ஃபைண்டர் (எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) ஒன்று வாங்கியாகிவிட்டது, சிர்ப் சோனாரும் (ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு வீச்சு முழுக்க ஒலி அனுப்பும் சோனார்) டவுன் இமேஜிங்கும் (நேர் கீழே இருப்பதைப் படம் போல விவரமாகக் காட்டுவது) ஒரே டிரான்ஸ்டியூசரில் (தண்ணீரில் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) வருகிற மாடல். பெட்டியைப் பிரித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். உள்ளே இருக்கும் தாங்கி, திருகு எல்லாமே மோட்டார் படகின் பின்பலகையில் மாட்டுவதற்கானவை. கயாக்குக்கு ஏது பின்பலகை?

தேடிப் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உடலின் உள்பக்கம் ஒட்டிவிடு என்கிறார் ஒருவர், பக்கவாட்டில் கை போல நீளும் தாங்கி ஒன்றை வைத்துத் தண்ணீரில் இறக்கு என்கிறார் இன்னொருவர், வடிகால் துளைக்குள் (மேல்தளத்துத் தண்ணீர் கீழே வடிய, கயாக்கின் அடி வரை போகும் துளை) பொருத்து என்று ஒரு கூட்டம். பாதி நாள் ஏரியில் போவேன், அங்கே பெரும்பாலும் நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். மீதி நாள் கரையோரக் கடல், துடுப்புப் போட்டுக்கொண்டே தூண்டிலை இழுத்துப் போவது. ஆழம் 3 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குள். உதவிக்கு ஆள் இல்லாததால் கயாக்கை மணலில் இழுத்துத்தான் தண்ணீருக்குக் கொண்டுபோகிறேன்.

நல்ல கயாக்கில் ஓட்டை போட மனசு வரவில்லை, ஆனால் வேறு வழியில்லை என்றால் போட்டுவிடுகிறேன். பேட்டரி எது, எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நங்கூரக்கயிறு:

உள்பக்கம் ஒட்டுவதுதான் தொல்லை இல்லாத வழி. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, மணலில் இழுக்கலாம், பாசி சுற்றாது, தூண்டில் நரம்பும் சிக்காது. கயாக்கின் பிளாஸ்டிக் சில மில்லிமீட்டர்தான், ஒலி அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கொஞ்சம் வலு குறையும்தான், ஆனால் 20 மீட்டர் ஆழத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒலிக்கு உண்மையான எதிரி காற்று. டிரான்ஸ்டியூசருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே ஒலி அங்கேயே திரும்பிவிடும், திரையில் ஆழம் வராது, அல்லது வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். அதனால்தான் நடுவில் நுரை அடைத்த உடலோ மரமோ இருந்தால் இந்த முறையே சரிப்படாது. உங்களுடையது ஒற்றைச் சுவர் பாலிஎத்திலீன் என்றால் கவலை இல்லை.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள். கயாக்கை ஆழமற்ற தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் டிரான்ஸ்டியூசரை முகம் கீழே பார்க்கும்படி வைத்து இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். எங்கே அடித்தளம் தெளிவாக, தடிப்பான கோடாக விழுகிறதோ அதுதான் இடம். நடுவில் மேடாக வார்த்திருக்கும் பகுதிகள் மேல் வைத்தால் வராது, தட்டையான இடம் வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு கயாக் கொஞ்சம் பின்பக்கம் அழுந்தும், ஆகவே ஆள் உட்கார்ந்த நிலையில் மட்டம் பாருங்கள், கரையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் பசை. பாலிஎத்திலீனில் எதுவும் உருப்படியாக ஒட்டாது. எப்பாக்சி போட்டால் காய்ந்து கல்லாகி ஒரு நாள் அப்படியே பெயர்ந்து வரும். என் முறை: தடித்த மூடிய செல் நுரையில் (தண்ணீரை உறிஞ்சாத வகை) டிரான்ஸ்டியூசர் அளவுக்குத் துளை வெட்டி, அந்த நுரையை மரைன் பசையால் உடலில் ஒட்டி, துளைக்குள் டிரான்ஸ்டியூசரை இறுக்கமாக உட்காரவைத்து, போகும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. பசை விட்டாலும் நுரையைத்தான் மறுபடி ஒட்ட வேண்டும், டிரான்ஸ்டியூசருக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஊற்றச் சோம்பேறித்தனம் என்றால் உலராத களிம்பு வகை அடைப்பான் போட்டு, காற்றுக்குமிழி வெளியேறும்படி முறுக்கி அழுத்துங்கள்.

அலைதாண்டி:

நங்கூரக்கயிறு சொன்ன எல்லாம் சரி, ஒன்றைத்தான் விட்டுவிட்டார். கேட்டவர் வாங்கியிருப்பது டவுன் இமேஜிங் உள்ள கருவி. உள்ளே ஒட்டினால் அந்தக் காசு போச்சு.

சாதாரண சோனார் ஓடுவது 50, 83, 200 கிலோஹெர்ட்ஸ் மாதிரியான அலைவரிசைகளில். அது பிளாஸ்டிக்கைத் தாண்டும். டவுன் இமேஜிங்கும் பக்கவாட்டு இமேஜிங்கும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சில கருவிகளில் அதற்கும் மேலே. அலைவரிசை ஏற ஏற விவரம் கூடும், ஊடுருவும் வலு குறையும். பிளாஸ்டிக் வழியாக அதைப் பார்ப்பது மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்பது மாதிரி, ஆள் இருப்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இன்னொன்று, தண்ணீரின் வெப்பநிலை. அந்த உணரி டிரான்ஸ்டியூசருக்குள்தான் இருக்கிறது. உள்ளே ஒட்டினால் அது கயாக்கின் வயிற்றுச் சூட்டைத்தான் காட்டும்.

எனவே என் ஓட்டு பக்கவாட்டுக் கைக்கு. கயாக்கின் விளிம்பில் ஏற்கெனவே துணைக்கருவிகளை மாட்டும் அலுமினியத் தடம் இருந்தால் அதிலேயே மாட்டிவிடலாம், ஓட்டையே வேண்டாம். கை நேராக நிற்க வேண்டும், துடுப்புப் போடும்போது தண்ணீரின் இழுப்பில் பின்னால் சாய்ந்தால் டிரான்ஸ்டியூசரும் சாயும், அப்போது உங்களுக்குக் கீழே இருப்பதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும். டிரான்ஸ்டியூசரின் முகம் கயாக்கின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி இறக்குங்கள். மேலே நின்றால் ஒரு பக்கத்தைக் கயாக்கே மறைக்கும், குமிழிகளும் தொந்தரவு தரும். அலை வரும் கடலில் அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்துவிட்டுப் போகும், அப்போது திரையில் செங்குத்தாகக் கோடு கோடாக விழும்.

கரை சேரும்போது கையைத் தூக்கி மடக்க மறக்கவே கூடாது. ஒரு மெல்லிய கயிறு கட்டி வையுங்கள், கை கழன்று போனாலும் டிரான்ஸ்டியூசர் கேபிளில் தொங்கக் கூடாது.

நங்கூரக்கயிறு:

நண்பர் ஏரியில் நங்கூரம் போட்டு உட்காருவேன் என்று எழுதியிருக்கிறாரே, கவனித்தீர்களா? டவுன் இமேஜிங்கின் ஒலிக்கற்றை பக்கவாட்டில் அகலம், முன்பின்னாக மிக மெல்லியது. படகு நகர நகரத்தான் அந்த மெல்லிய துண்டுகளை அடுக்கிப் படமாக்குகிறது. அசையாமல் நின்றால் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடுக்கும், பாறை இழுத்துப் பூசின மாதிரி தெரியும். அங்கே சாதாரண சோனார்தான் வேலைக்கு ஆகும். கடலில் நகரும்போது டவுன் இமேஜிங் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலை உடையும் கரையில் பக்கத்தில் கை ஒன்றை நீட்டிக்கொண்டு இறங்கச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

அலைதாண்டி:

மடக்கிவைத்துக்கொண்டுதான் இறங்கச் சொன்னேன் ஐயா!

கெளுத்திமீசை:

இருவருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. வடிகால் துளை பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? என் கயாக்கில் இருக்கைக்கு முன்னால் இரண்டு துளை இருக்கின்றன. டிரான்ஸ்டியூசர் கேபிளை அதன் வழியாகவே மேலே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றுகிறது. டவுன் இமேஜிங்கும் கிடைக்கும், கையும் நீட்டாது.

சேற்றுக்கால்:

கயாக்கின் அடியில் டிரான்ஸ்டியூசருக்கென்றே பள்ளம் வார்த்து, மேலே ஒரு காப்புத் தகடும் கொடுத்திருக்கிற மாடல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதில் போடுங்கள், அதைவிட நல்ல இடம் இல்லை. அப்படிப் பள்ளம் இல்லாத சாதாரண வடிகால் துளை என்றால் வேண்டாம். டிரான்ஸ்டியூசர் அடியிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் மணலில் இழுப்பவர். கயாக்கின் எடை, அதன் மேல் ஏற்றிய சாமான் எடை எல்லாம் அந்தச் சின்ன பிளாஸ்டிக் முகத்தின் மேல் தேய்ந்துகொண்டே வரும். மணல் பரவாயில்லை, ஒரு கூழாங்கல் போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. வடிகால் குழாயும் அடிப்பக்கமும் சேரும் இடம் இந்த மாதிரிக் கயாக்குகளில் சீக்கிரம் விரிசல் விடக்கூடிய இடம். அங்கே எதையாவது இறுக்கிப் பொருத்தி, அதன் மேல் தரையின் அழுத்தமும் வந்தால் குழாய்ச் சுவரைத்தான் தாக்கும். அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் நேராக உடலுக்குள் இறங்கும், மேலே இருக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது, கயாக் மந்தமாகி ஆடத் தொடங்கும்போதுதான் புரியும். சக்கர வண்டி வாங்கி அதில் வைத்து உருட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் வடிகால் துளைக்குள் முளை விட்டுத் தாங்கும் வகை வண்டியா, உடலை வாரில் தாங்கும் வகை வண்டியா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது வகைதான் நல்லது.

நேர்முனை:

பேட்டரி பற்றிக் கேட்டீர்கள், யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

5 அங்குலக் கருவி திரை வெளிச்சத்தைப் பொறுத்து ஏறக்குறைய அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் கையேட்டில் சரியான எண் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.7 என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் மூடிய ஈய அமில பேட்டரி என்றால் 7-ஐ 0.7-ஆல் வகுத்துப் பத்து மணி நேரம் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த வகையைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது ஐந்து மணி நேரம். எடை இரண்டு, இரண்டரை கிலோ. அதே கொள்ளளவில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் எடை ஒரு கிலோ பக்கம்தான், கொள்ளளவில் பெரும்பகுதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம், எட்டு மணி நேரம் வரும். விலை கூடுதல், ஆனால் கயாக்கில் எடையைச் சுமப்பது நீங்கள்தானே.

லித்தியத்தில் ஒரு சூட்சுமம். ஈய அமில பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி என்று ஓரளவு சொல்லிவிடலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கிட்டத்தட்டக் கடைசி வரை 13 வோல்ட் அருகிலேயே நிற்கும், அப்புறம் சட்டென்று விழுந்து பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். திரையில் தெரியும் வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. சார்ஜரும் அந்த வகைக்கே உரியதாக இருக்க வேண்டும். சாதாரண லித்தியம் அயான் செல்களை நான்காகக் கோத்துக் கட்டிய பேட்டரி முழு சார்ஜில் 16.8 வோல்ட் காட்டும், உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

ஃபியூஸ் கட்டாயம். கருவிக்குப் பக்கத்தில் போட்டுப் பயனில்லை, பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடுங்கள், அது காப்பாற்றப்போவது ஒயரை. எத்தனை ஆம்பியர் என்பது கையேட்டில் இருக்கும், இந்த அளவுக் கருவிக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3. இணைப்பான் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும் வகையாக இருக்கட்டும், ஆடும் கயாக்கில் அவசரத்தில் முனை மாறினால் கருவி போய்விடும்.

கடலுக்கும் போகிறவர் என்பதால் வெள்ளீயம் பூசிய செப்பு ஒயர் வாங்குங்கள். வெறும் செம்பு என்றால் உப்பு ஒயரின் உறைக்குள்ளேயே ஏறும், நுனியில் பச்சை பிடித்ததைச் சீவினால் உள்ளேயும் கறுப்பாக இருக்கும். இணைப்புகளின் மேல் உள்ளே பசை பூசிய சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்குங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் அது மூடியதாக அர்த்தம். ஒயர் இணைப்புகளைச் சிலிக்கானால் மூடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும். வாடை அடிக்காத வகைதான் ஒயர் பக்கத்தில் போகலாம்.

டிரான்ஸ்டியூசர் கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டாதீர்கள். உள்ளே உறையிட்ட பல இழைகள் போகின்றன, வெட்டி ஒட்டினால் இரைச்சல் ஏறும். எட்டு வடிவில் தளர்வாக மடித்துக் கட்டி வைத்தால் போதும்.

சேற்றுக்கால்:

ஓட்டை போட மனமில்லை என்றீர்கள். அதற்கு வழி இருக்கிறது. பேட்டரியை உடலுக்குள் வைக்காதீர்கள், தண்ணீர் புகாத சின்னப் பெட்டி ஒன்றில் வைத்து இருக்கைக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். ஓட்டையைப் பெட்டியில் போடுங்கள், கயாக்கில் வேண்டாம். பெட்டி பாழானால் வேறு பெட்டி. ஈய அமில பேட்டரி என்றால் சார்ஜ் போடும்போது பெட்டியைத் திறந்தே வையுங்கள், ஹைட்ரஜன் வெளிவரும்.

கேபிளை மேல்தளத்தில் துளைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஆகிவிட்டால், பிளக்கின் தலையை முதலில் அளந்து பாருங்கள். கேபிள் மெல்லியதுதான், அதன் நுனியில் இருக்கும் பிளக் தடியானது, ஓட்டை பிளக்குக்கு ஏற்றபடி போட வேண்டும், பிறகு கேபிளைச் சுற்றிப் பெரிய இடைவெளி மிஞ்சும். அதற்கென்று இரண்டு பாதியாகப் பிரியும் கேபிள் மூடிகள் கிடைக்கின்றன, கேபிளைச் சுற்றி மூடித் திருகிவிடலாம். இடம் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர் தேங்காத, உயரமான பகுதியாகப் பாருங்கள். படிப்படியாகப் பெரிதாகும் துளைமுனையை மெதுவாக ஓட்டினால் பாலிஎத்திலீன் சுத்தமாக வெட்டுப்படும்.

திரையைத் தாங்கும் அடித்தட்டை வெறும் திருகு போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக்கில் சீக்கிரமே மரை தேய்ந்து ஆடும். உள்ளே கை எட்டும் இடமென்றால் பின்னால் தகடு வைத்துத் துருப்பிடிக்காத எஃகு போல்ட், எட்டாது என்றால் இறுக்கினால் உள்ளே உப்பிப் பிடிக்கும் ரப்பர் நட்டு. ஒவ்வொன்றையும் பூட்டும்போது அடியில் கொஞ்சம் மரைன் சீலண்ட்.

திரை எங்கே என்பதும் முக்கியம். உட்கார்ந்து துடுப்புப் போடுவது போலக் கைகளை ஆட்டிப் பாருங்கள், முட்டி இடிக்கும் இடம் வேண்டாம். அதைவிட முக்கியம், கவிழ்ந்தால் எந்தப் பக்கமாக ஏறுவீர்களோ அந்தப் பக்கத்தில் திரையோ கையோ ஒயரோ இருக்கக் கூடாது. ஏறும்போது வயிறு அதன் மேல்தான் உரசும். போலராய்டு கண்ணாடி போடுபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள், சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும்.

கெளுத்திமீசை:

நங்கூரக்கயிறு சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்து பார்த்தேன். உள்ளே வைத்தபோது ஆழம் சரியாக வந்தது, கயிற்றில் எடை கட்டி இறக்கியும் ஒப்பிட்டேன். டவுன் இமேஜிங் மட்டும் வெறும் மங்கல், அலைதாண்டி சொன்னபடியே. கடைசியில் மடக்கும் கையை ஏற்கெனவே இருந்த தடத்தில் மாட்டி, பேட்டரிப் பெட்டியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவிட்டேன். கயாக்கில் ஒரு ஓட்டைகூட இல்லை. அலை உடையும் கரைகளுக்கு வேண்டுமென்று நுரைத் துண்டு ஒன்றையும் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன், அங்கே போகும் நாளில் டிரான்ஸ்டியூசரை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் புதுச் சந்தேகம். ஏரியில் நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் திரை முழுக்க மீன் சின்னமாகக் கொட்டுகிறது, தூண்டிலில் ஒன்றும் கடிக்கவில்லை. நடுவில் ஒரு நீளமான கோடு வேறு, நகரவே மாட்டேன் என்கிறது.

அலைதாண்டி:

முதல் வேலையாக மீன் சின்னம் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். குமிழி, மிதக்கும் குப்பை, பாசி எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். அணைத்தால் உண்மையான எதிரொலி தெரியும். உணர்திறனைத் தானியங்கியிலிருந்து எடுத்து, திரையில் புள்ளிகள் தூவியது போல் வரும் வரை ஏற்றி, பிறகு அவை பெரும்பாலும் மறையும் வரை இறக்குங்கள்.

அந்த நீளமான கோடு, நீங்கள் அசையவில்லை என்பதால் வருகிறது. திரை இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், இப்போது கீழே இருப்பது வலது ஓரத்தில் விழும் ஒரே ஒரு கீற்று மட்டும்தான், மற்றதெல்லாம் பழைய கதை. கற்றைக்குள் ஏதாவது நின்றுகொண்டிருந்தால் அது கோடாக நீளும். மீன் கடந்து போனால்தான் வளைவாக வரும். அது மீனாகவும் இருக்கலாம், உங்கள் தூண்டில் ஈயமாகவும் இருக்கலாம். ஈயத்தை ஒரு மீட்டர் தூக்கிப் பாருங்கள், கோடும் கூடவே ஏறினால் அது நீங்கள்தான்.

நங்கூரக்கயிறு:

கற்றையின் அகலத்தையும் மனதில் வையுங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு சுமார் 20 டிகிரி என்றால் 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது மூன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம். 83-க்கு மாற்றினால் கூம்பு 60 டிகிரி அளவுக்கு விரியும், அதே ஆழத்தில் வட்டம் 11 மீட்டருக்கு மேல். உங்கள் கருவியில் இரண்டும் இருந்தால் மீன் இருக்கிறதா என்று தேட அகலமானதை வையுங்கள், நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கக் குறுகலானதை. அகலக் கற்றையில் தெரியும் மீன் உங்களுக்கு ஐந்து மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம், தூண்டிலை நேராக இறக்கிக் காத்திருந்தால் கடிக்காது.

கெளுத்திமீசை:

ஈயத்தைத் தூக்கினேன். கோடும் ஏறியது.

சேற்றுக்கால்:

அப்படியென்றால் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. கடலுக்குப் போய்வந்த நாளில் டிரான்ஸ்டியூசரையும் கையின் மூட்டையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், இணைப்பான்களைக் கழற்றி உலரவிடுங்கள். பேட்டரிப் பெட்டியையும் ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள், உள்ளே வியர்த்திருக்கும்.